கான்ட்ராக்டர் ஜிஎஸ்டி பதிவு தள்ளுபடி ஆகாமல் இருக்க

கோத்தகிரி, கூடலூர் பக்கம் சிறு கட்டட வேலை எடுப்பவர்களின் ஜிஎஸ்டி விண்ணப்பம் பெரும்பாலும் முகவரியில்தான் அடிபடுகிறது. பட்டா தாத்தா பெயரில், கரண்ட் பில் பெரியப்பா பெயரில், விண்ணப்பம் பேரன் பெயரில் என்றால் அதிகாரி சந்தேகப்படத்தான் செய்வார். சொந்த இடம் என்று போடாதீர்கள். யார் பெயரில் பில் வருகிறதோ அவரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, அந்த பில்லையோ சொத்து வரி ரசீதையோ கூடவே இணையுங்கள். கூடலூரில் பட்டா இல்லாத ஜென்ம நிலக்காரர்களுக்கும் (பழைய ஜமீன் போன்ற ஜென்மி முறையில் வந்த நிலம்) வரி ரசீது கைகொடுக்கும். கதவு எண் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் உடனே நிராகரிக்க மாட்டார், முதலில் ஆர்இஜி-03 என்ற நோட்டீஸ் வரும். அதற்கு 7 வேலை நாட்களுக்குள் ஆர்இஜி-04 என்ற படிவத்தில் பதில் தர வேண்டும். பலருக்குப் பதிவு போவது இங்கேதான். ஏஜென்ட் தன் மெயிலையும் நம்பரையும் கொடுத்திருப்பார், நோட்டீஸ் வந்ததே நமக்குத் தெரியாது. தயவுசெய்து உங்கள் நம்பரையே கொடுங்கள். எஸ்டேட் பக்கம் சிக்னல் கிடைக்காதவர்கள் டவுனுக்கு வரும்போதெல்லாம் போர்ட்டலைப் பாருங்கள்.

அப்படியும் நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும், அதுதான் ஆர்இஜி-05. அதைப் படித்து, குறையைச் சரிசெய்து புதிதாக விண்ணப்பிக்கலாம். காரணம் நியாயமில்லை என்று பட்டால் 3 மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.