ஓசார்க் ஆற்றங்கரைக்கு ஆர்.வி.யில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓடும் கரன்ட் ஆற்றையும் அதில் வந்து கலக்கும் ஜாக்ஸ் ஃபோர்க் ஆற்றையும் காப்பதற்காக, ஓசார்க் தேசிய எழில் ஆற்றுப் பகுதியை அந்நாட்டு நாடாளுமன்றம் 1964-இல் சட்டம் இயற்றி உருவாக்கியது. ஏறத்தாழ 215 கிலோமீட்டர் நீள ஆறு இதனால் பாதுகாப்புப் பெற்றது. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய ஆர்.வி. என்னும் வீட்டு வண்டியில் குடும்பத்தோடு சென்று தங்க ஏற்ற இடம் இது. ஆனால் அங்குள்ள நிலத்தின் இயல்பை அறியாமல் செல்பவர்கள், தாம் ரசிக்க வந்த ஆற்றுக்கே கேடு செய்துவிடுகிறார்கள்.

இவை ஊற்றுகளால் வாழும் ஆறுகள். இப்பகுதியின் அடித்தளம் நீரில் கரையக்கூடிய டோலமைட் பாறை என்பதால், மழைநீர் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் இறங்கி, நிலத்தடிக் குகைகள் வழியாகப் பல மைல் ஓடி, ஊற்றாக மேலே வருகிறது. வான் பியூரன் ஊருக்கு அருகிலுள்ள பிக் ஸ்பிரிங் மட்டும் நாளொன்றுக்குச் சராசரியாக 108 கோடி லிட்டர் நீரைக் கரன்ட் ஆற்றில் சேர்க்கிறது. மண் வழியே மெல்லக் கசிந்து வடிகட்டப்படும் வாய்ப்பு இந்த நீருக்குக் குறைவு. மேலே சிந்துவது ஏறக்குறைய அப்படியே கீழே போய்ச் சேரும்.

அதனால்தான் பாத்திரம் கழுவிய நீரையும் குளித்த நீரையும் தரையில் திறந்துவிடுவதை மிகப் பெரிய தவறு என்கிறேன். கழிப்பறைத் தொட்டியைக் கண்ட இடத்தில் திறக்க யாரும் துணிவதில்லை. ஆனால் மற்றத் தொட்டி நிரம்பியதும், 'வெறும் சோப்புத் தண்ணீர்தானே' என்று வால்வைச் சற்றே திருகிவிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். நீர் கூழாங்கற்களுக்குள் நொடியில் மறைந்துவிட, நுரையும் இரண்டு சோற்றுப் பருக்கைகளும் மட்டும் மேலே தங்கிநின்றன. தேசியப் பூங்கா விதிகளின்படி, வண்டியின் கழிவுநீரை அதற்கென அமைத்த இடத்தில் மட்டுமே வடிக்கலாம். தங்கும் இடத்திலேயே கழிவுநீர் இணைப்பு இருக்கும் என்று எண்ணாமல், தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள். குழாயின் மூடியில் கசிவு இருக்கிறதா என்றும் கிளம்பும் முன்பே பாருங்கள்.

ஆற்றில் இறங்கிச் சோப்புப் போட்டுக் குளிப்பதும் கூடாது. எளிதில் மட்கும் சோப்பு என்று உறையில் எழுதியிருந்தாலும் அதை நீருக்குள் பயன்படுத்துவது தவறுதான். ஏறத்தாழ இரண்டடி வரை வளரும் ஓசார்க் ஹெல்பெண்டர் என்னும் நீர்ப்பல்லி இந்த ஆறுகளில் வாழ்கிறது. சுருக்கம் விழுந்த தன் தோலாலேயே அது பெரும்பாலும் மூச்சுவிடுகிறது. ஆகவே நீரின் தூய்மை கெட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. அழிந்துவரும் இனமாக 2011-இல் அறிவிக்கப்பட்ட அது பகலெல்லாம் பெரிய தட்டைப் பாறைகளின் அடியில் பதுங்கியிருக்கும். இலையுதிர்காலத்தில் பெண் அங்கேயே முட்டையிட, ஆண் காவல் இருக்கும். குழந்தைகளை மகிழ்விக்க ஆற்றுப் பாறைகளைப் புரட்டுவதும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதும் அந்த வீட்டைப் பெயர்ப்பதாகும்.

ஊற்றுக்கண்களின் நீலநிறம் யாரையும் இறங்கத் தூண்டும். 1894-இல் கட்டிய சிவப்பு ஆலையின் பக்கத்தில் பொங்கும் ஆலி ஊற்றைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனாலும் ஊற்றுகளில் நீந்தத் தடை உள்ளது. நீச்சலுக்கு ஆறு இருக்கிறது. ஊற்றுநீர் கோடையிலும் 14 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருப்பதால், ஊற்று கலக்கும் இடத்துக்குக் கீழே ஆறும் சில்லிட்டிருக்கும் என்பதைக் குழந்தைகளோடு செல்பவர்கள் நினைவில் கொள்ளட்டும்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்பதிலும் தவறு நேர்கிறது. நீரோரத்துக் கூழாங்கல் திட்டு சமதளமாகத் தெரிந்தாலும் கனமான ஆர்.வி.யின் சக்கரங்கள் அதில் புதைந்துவிடும். அனுமதித்த இடங்களைத் தவிர வேறு திட்டுகளில் வண்டியை இறக்குவது விதிமீறலும்கூட. அதைவிடப் பெரிய ஆபத்து வெள்ளம். மேல்பகுதியில் மழை பெய்தால், நீங்கள் இருக்கும் இடத்தில் வானம் தெளிந்திருந்தாலும், இரவுக்குள் ஆறு ஏறலாம். 2017 ஏப்ரல் இறுதியில் பெய்த பெருமழையில் கரன்ட் ஆறு வான் பியூரனில் அதுவரை பதிவான எல்லா உயரங்களையும் கடந்து எழுந்தது. பள்ளத்தாக்குகளில் கைபேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது என்பதால், மழை முன்னறிவிப்பையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் ஊருக்குள் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். வரைபடத்தையும் அப்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம். இப்பகுதி வழியே செல்லும் 19-ஆம் எண் நெடுஞ்சாலை வளைவும் ஏற்றமும் இறக்கமும் நிறைந்தது; நீளமான வண்டியை இருட்டில் அதில் ஓட்ட நேராதவாறு பகலிலேயே போய்ச் சேருங்கள்.

விறகை வீட்டிலிருந்து ஏற்றிச் செல்லாதீர்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் பச்சை வண்டு மிசௌரியில் 2008-இல் கண்டறியப்பட்டது, அது விறகுக்குள் ஒளிந்தே ஊர்விட்டு ஊர் போகிறது. அங்கேயே வாங்கி அங்கேயே எரித்துவிடலாம். படகில் ஏறும்போது கண்ணாடிப் புட்டிகளையும் தெர்மாகோல் பெட்டியையும் வண்டியிலேயே விட்டுவிட்டு, குப்பைக்கென ஒரு வலைப்பையைப் படகில் கட்டிக்கொள்ளுங்கள்.