சித்திரையில் பார்த்த குடோன்

ஆத்தங்குடிக் கல், அதாவது கையால் வார்க்கும் சிமெண்ட் தரைக்கல் தொழிலில் புதிதாக இறங்கும் தம்பி ஒருவர் போன மாதம் பட்டறைக்கு வந்தார். பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க அவர் போட்டிருந்த திட்டம் நான் ஆரம்பத்தில் போட்டது மாதிரியே இருந்தது, தவறுகளும் அப்படியே. மரம் நடு, பிளாஸ்டிக்கை விடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சித்திரையில் இடம் பார்ப்பது

"கண்மாய் ஓரம்ணே, வாடகை பாதிதான்" என்றார். எனக்குப் பகீரென்றது.

நானும் சித்திரை வெயிலில் பார்த்துத்தான் குடோன் பிடித்தேன். தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சிவகங்கைச் சீமையில் வெள்ளமா என்று சிரித்தேன். பின்பக்கப் பள்ளத்தில் குப்பை கொட்டி மேவியிருந்தார்கள். அது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் என்பது ஐப்பசியில் ஒரு ராத்திரி மழையில்தான் தெரிந்தது. காலையில் உள்ளே முழங்கால் தண்ணீர். அடிவரிசை சிமெண்ட் மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாகிவிட்டன. சாக்கைக் கிழித்தால் தையல் தடம்கூட அச்சாக இருந்தது.

காற்று 1 டிகிரி சூடேறினால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். அதனால் பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2015-இல் சென்னை மிதந்தது. மறு வருஷமே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. வறட்சிக்கு மட்டும் கணக்குப் போட்டால் போதாது.

நம்ம ஊர்ப் பெரிய வீடுகளில் தெருவிலிருந்து படியேறித்தானே திண்ணை? பகட்டு என்றுதான் நானும் நினைத்திருந்தேன், தண்ணீர் புகுந்த பிறகுதான் அந்த உயரம் எதற்கென்று புரிந்தது. இடம் பிடிக்கும் முன், கண்மாய் நிறைந்து வழியும் மறுகால் தண்ணீர் எந்தப் பக்கம் பாயும் என்று ஊர்ப் பெரியவரிடம் கேளுங்கள். கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால் எங்கே போகிறது என்றும் பாருங்கள்.

தம்பி அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம்.

வெள்ளம் இல்லாத பாலிசி

குடோன் இன்சூரன்ஸில் பிரீமியம் குறையட்டும் என்று வெள்ளப் பிரிவை நீக்கச் சொன்னதும் நான்தான். வேறென்ன சொல்ல?

"சூளை இல்லை, பசுமைக் கல்"

கண்ணாடி மேல் வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காய வைக்கிறோம். நெருப்பே இல்லை என்று ஒரு கட்டடக் கலைஞரிடம் பெருமையாகச் சொன்னேன். "சிமெண்ட் எதில் வேகிறது?" என்று கேட்டார். உலகம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய 8 சதவீதம் சிமெண்ட் தயாரிப்பிலிருந்து வருகிறது. ஒரு கல்லுக்கு எவ்வளவு சிமெண்ட் போகிறது என்று எடை போட்டுப் பார்த்த பிறகே நோட்டீஸ் அடியுங்கள்.

சோலாரில் தொடங்குவது

கைவேலைப் பட்டறைக்குக் கரண்ட் பில்லே எவ்வளவு வருகிறது?

உச்சி வெயிலில் வார்ப்பது

ஈரம் சட்டென்று வற்றிக் கல்லில் மயிரிழை விரிசல் விழும். வார்க்கிற ஆளும் துவண்டுவிடுவார். கோடையில் நாங்கள் காலை 6 மணிக்குத் தொடங்கி 11-க்கு நிறுத்துகிறோம். மிச்சம் வெயில் தாழ்ந்த பிறகுதான்.