டர்போ ஏற்றிய டட்சன் 240 இசட்: எந்த கிளட்ச் வாங்குவது?

டட்சன் 240 இசட்டின் எல்24 இன்ஜின் தருவது 151 குதிரைத்திறன், ஏறத்தாழ 198 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்கு விசை). அதற்குக் கம்பெனி வைத்த 225 மி.மீ. கிளட்ச் தாராளமாகப் போதும். சிக்கல் தொடங்குவது, அந்த இன்ஜினை இறக்கிவிட்டு 1981 முதல் 1983 வரை 280 இசட்எக்ஸ் டர்போவில் வந்த எல்28இடி இன்ஜினை ஏற்றும்போதுதான். அது கம்பெனி நிலையிலேயே 180 குதிரைத்திறனும் சுமார் 275 நி.மீ. டார்க்கும் தரும். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கருவி) வைத்துப் பூஸ்ட்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) கூட்டினால் டார்க் 350-ஐத் தாண்டும். பழைய கிளட்ச் அங்கே வழுக்கத்தான் செய்யும்.

உடனே பலரும் செய்வது, ‘ஸ்டேஜ் 3’ என்று எழுதிய பெட்டியை வாங்கி மாட்டுவது. வழுக்கல் நின்றுவிடும். ஆனால் பெடலை மிதிக்கக் கால் வலிக்கும், சிக்னலில் வண்டி குதித்துக் குதித்துக் கிளம்பும், சில வண்டிகளில் ரிவர்ஸ் கியரே விழாது. ஸ்டேஜ் என்பதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒருவரின் ஸ்டேஜ் 1 இன்னொருவரின் ஸ்டேஜ் 2-ஆக இருக்கலாம். விற்பவரிடம் கேட்க வேண்டியது பிரஷர் பிளேட்டின் (கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் தட்டு) அழுத்தம் எத்தனை நியூட்டன், லைனிங் (பிளேட்டின் உராய்வுப் பூச்சு) என்ன பொருள், பிளேட்டின் உள்விட்டம் வெளிவிட்டம் எவ்வளவு, ஹப்பில் (பிளேட்டின் நடுப்பகுதியில்) ஸ்பிரிங் உண்டா என்பதை. இதற்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் கிளட்ச் வாங்காதீர்கள்.

முதலில் டார்க் கணக்கு

கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது, டார்க் மட்டுமே தெரியும். கேம் ஷாஃப்ட்டும் கார்புரேட்டரும் மாற்றி 7,000 சுற்றில் 40 குதிரை கூட்டியிருந்தால், உச்ச டார்க் சொற்பமாகத்தான் ஏறியிருக்கும். அந்த வண்டிக்கு நல்ல நிலையில் உள்ள ஒரிஜினல் வகை கிளட்ச்சே போதும், காசை வேறு எதற்காவது செலவழிக்கலாம். டர்போ அப்படியில்லை. 3,000 சுற்றிலேயே டார்க்கை மலைபோல் ஏற்றிவிடும்.

டைனோ (வண்டியின் திறனை அளக்கும் கருவி) தாளில் இருப்பது பெரும்பாலும் சக்கரத்தில் அளந்த டார்க். கிளட்ச்சுக்கு வேண்டியது கிராங்க்கில் (இன்ஜினின் சுழல்தண்டில்) உள்ள டார்க், எனவே தாளில் உள்ள எண்ணை 0.85-ஆல் வகுங்கள். சக்கரத்தில் 306 என்றால் கிராங்க்கில் 360. இதைத் தெருவண்டிக்கு 1.3-ஆல் பெருக்கினால் 468 நி.மீ. கிளட்ச் தாங்க வேண்டிய அளவு இது. 1.2-க்குக் கீழே போனால் லைனிங் தேய்ந்து சூடேறும்போது வழுக்கும். 1.5-க்கு மேல் போவது வீண். கிளட்ச் துளியும் வழுக்காவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் பின்னால் இருக்கும் ஹாஃப் ஷாஃப்ட் யூ-ஜாயின்ட்டுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் போகும். 240 இசட்டில் இருக்கும் ஆர்180 டிஃபரன்ஷியல் அதற்குச் செய்ததல்ல.

கிளட்ச் தாங்கும் டார்க் = உராய்வுக் கெழு × அழுத்த விசை × 2 × சராசரி ஆரம். பிளேட்டுக்கு இரண்டு முகம் என்பதால் அந்த 2. சராசரி ஆரத்துக்கு வெளிவிட்டத்தையும் உள்விட்டத்தையும் கூட்டி 4-ஆல் வகுக்க வேண்டும்.

240 மி.மீ. வெளிவிட்டம், 150 மி.மீ. உள்விட்டம் உள்ள பிளேட்டுக்குச் சராசரி ஆரம் 97.5 மி.மீ. ஆர்கானிக் லைனிங்குக்கு உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், 468 நி.மீ. தாங்க 8,000 நியூட்டன் அழுத்தம் வேண்டும். அதே உள்விட்டத்தில் 225 மி.மீ. பிளேட் என்றால் 8,320. வித்தியாசம் நான்கே சதவீதம். அப்படியானால் பெரிய பிளேட் எதற்கு? பரப்பளவுக்கு. 225-ஐ விட 240-இல் லைனிங் பரப்பு ஏறத்தாழ 25 சதவீதம் அதிகம். கிளம்பும் ஒவ்வொரு முறையும் உண்டாகும் சூடு அவ்வளவு பரப்பில் பரவுகிறது. பெரிய கிளட்ச் கூடுதலாகப் பிடிப்பதைவிடக் கூடுதல் நாள் உழைக்கும் என்பதே சரி.

ஒரிஜினல் 198 நி.மீ. இன்ஜினுக்கு இதே கணக்கைப் போட்டால் சுமார் 4,400 நியூட்டன் அழுத்தமே போதும். 8,000 என்றால் ஒன்றே முக்கால் மடங்குக்கும் மேல். டயஃப்ரம் விரல்களின் (பிரஷர் பிளேட்டின் வட்ட ஸ்பிரிங்கில் நடுவை நோக்கி நீளும் நாக்குகள்) நெம்புகோல் விகிதம் மாறாவிட்டால் பெடலும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் கனக்கும்.

லைனிங்

பெடல் கனத்தைக் குறைக்க ஒரு வழி உராய்வுக் கெழுவைக் கூட்டுவது. செராமிக் துண்டுகள் பதித்த பிளேட்டுக்குக் கெழு 0.4 என்று வைத்தால் அதே 468 நி.மீ.க்கு 6,000 நியூட்டன் போதும். விலை என்னவென்றால், அது மெதுவாகப் பிடிக்கத் தெரியாத லைனிங். பிடித்தால் பிடித்ததுதான். பார்க்கிங்கில் அங்குலம் அங்குலமாக நகர்த்தும்போது வண்டி உதறும், ஃப்ளைவீல் (கிராங்க்கின் பின்முனையில் சுழலும் கனமான சக்கரம்) முகத்தையும் வேகமாகத் தின்னும். மேட்டில் ரிவர்ஸ் எடுத்துப் பார்த்தால் தெரியும் அதன் குணம். ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகும் வண்டிக்குச் சரி.

தெருவில் ஓடும் 350 நி.மீ. வண்டிக்கு எங்கள் தேர்வு 240 மி.மீ. ஆர்கானிக் பிளேட், அழுத்தம் கூடிய பிரஷர் பிளேட், ஸ்பிரிங் வைத்த ஹப். கெவ்லார் வகையான அராமிட் லைனிங் மென்மையாகவும் நீண்ட காலமும் உழைக்கும், ஆனால் பொறுமை கேட்கும். புதிதாக முகம் தேய்த்த ஃப்ளைவீல் இல்லாமல் மாட்டக் கூடாது, பழகும் முன் சூடேற்றினால் கண்ணாடிபோல் பளபளத்துப் போய் மறுபடி பிடிக்காது. 500 நி.மீ.க்கு மேல் போகிறவர்கள் ஒற்றைப் பிளேட்டோடு மல்லுக்கட்டாமல் இரட்டைப் பிளேட் கிளட்ச்சைப் பார்க்கலாம். சூத்திரத்தில் உள்ள 2 அங்கே 4 ஆகிவிடுவதால் பெடல் லேசாகவே இருக்கும்.

ஸ்பிரிங் இல்லாத திட ஹப்பைத் தவிர்த்துவிடுங்கள். இன்ஜினின் முறுக்கு அதிர்வு நேராகக் கியர்பாக்ஸுக்குப் போய் நியூட்ரலில் கடகடவென்று சத்தம் போடும்.

240 மி.மீ. கிளட்ச்சுக்கு 240 மி.மீ. ஃப்ளைவீல் வேண்டும். 225-க்கான ஃப்ளைவீலில் போல்ட் துளைகள் ஒத்துவராது. 280 இசட் 2+2 வண்டிகளில் 240 மி.மீ. அமைப்பு வந்தது, அதன் ஃப்ளைவீல் எல் வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின்களுக்குப் பொருந்தும். பழைய ஃப்ளைவீலை லேத்தில் கடைந்து எடை குறைக்கும் வேலை மட்டும் வேண்டாம். மெலிந்த வார்ப்பு 6,500 சுற்றில் வெடித்தால் பெல் ஹவுசிங்கைத் துளைத்துக்கொண்டு கால்மாட்டுக்கு வரும். எடை குறைய வேண்டுமானால் அதற்கென்றே செய்த ஸ்டீல் ஃப்ளைவீலை வாங்குங்கள்.

92 மி.மீ.

இந்த வண்டியில் ‘புது கிளட்ச் போட்டேன், கியர் விழவில்லை’ என்ற புகாரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரிலீஸ் பேரிங் காலர், அதாவது பெடலை மிதிக்கும்போது டயஃப்ரம் விரல்களைத் தள்ளும் பேரிங்கைத் தாங்கும் உருளை. நிசான் வெவ்வேறு உயரமுள்ள பிரஷர் பிளேட்டுகளை விட்டது. உயரமான பிளேட்டுக்குக் குட்டைக் காலர், குட்டைப் பிளேட்டுக்கு உயரக் காலர். 225-லிருந்து 240-க்கு மாறும்போது பழைய காலரையே மாட்டினால் கணக்கு தப்பிவிடும். கிட் பெட்டியில் பேரிங் இருக்கும், காலர் பெரும்பாலும் இருக்காது.

அளக்கும் முறை இது. ஃப்ளைவீலில் புதுப் பிளேட்டையும் பிரஷர் பிளேட்டையும் வைத்து போல்ட்டுகளை முழுதாக முறுக்குங்கள். பேரிங் ஏற்றிய காலரை டயஃப்ரம் விரல்களின் மேல் நேராக உட்கார வையுங்கள். ஃப்ளைவீலின் உராய்வு முகத்திலிருந்து, காலரில் ஃபோர்க் (காலரைத் தள்ளும் நெம்புகோல்) வந்து தொடும் விளிம்பு வரைக்கும் அளவெடுங்கள். அது ஏறத்தாழ 92 மி.மீ. இருக்க வேண்டும். ஒன்றிரண்டு மி.மீ. வித்தியாசத்தை ஸ்லேவ் சிலிண்டர் (ஃபோர்க்கைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர்) தண்டின் நீளம் சமாளித்துவிடும். 

பல மி.மீ. குறைந்தால் ஃபோர்க் வெகுதூரம் பயணித்த பிறகுதான் பேரிங் விரலைத் தொடும். ஸ்லேவ் பிஸ்டனின் ஓட்டம் அதற்குள் தீர்ந்துவிடும், கிளட்ச் விடுபடாது. கூடினால் பேரிங் எந்நேரமும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். வழுக்கலும் வரும், பேரிங்கும் சீக்கிரம் கத்தத் தொடங்கும். கியர்பாக்ஸை ஏற்றிய பிறகு இதை அளக்க வழியில்லை. வண்டிக்கு அடியில் படுக்கும் முன் மேஜையிலேயே முடித்துவிடுங்கள்.

பெடலில் போதிய ஓட்டம் இருக்கிறதா என்பதையும் எண்ணால் பார்க்கலாம். மாஸ்டர் சிலிண்டர் (பெடலோடு இணைந்தது) 5/8 அங்குலம், ஸ்லேவ் 3/4 அங்குலம் என்றால் பரப்பு விகிதம் 0.69. மாஸ்டர் தண்டு 20 மி.மீ. நகர்ந்தால் ஸ்லேவ் தண்டு 14 மி.மீ. நகர வேண்டும். அளந்தால் 10 தான் வருகிறதா? குழாயில் காற்று, ஊதிப்போகும் பழைய ரப்பர் ஹோஸ், பெடல் முளையின் துளைத் தேய்மானம், இந்த மூன்றையும் பாருங்கள். கனமான பிரஷர் பிளேட் போட்ட பிறகு பழைய ஹோஸ் விரிவது வெளிப்படையாகத் தெரியும். மாஸ்டரைப் பெரிதாக்கினால் ஓட்டம் கூடும், பெடலும் கனக்கும். இரண்டையும் ஒருசேரக் கேட்க முடியாது.

மாட்டும் முன்

ரிலீஸ் பேரிங் தள்ளும் விசை முழுவதும் கிராங்க்கை முன்னால் தள்ளுகிறது. அதைத் தாங்குவது நடு மெயின் பேரிங்கில் இருக்கும் த்ரஸ்ட் முகம். எல் வரிசை இன்ஜினில் கிராங்க்கின் முன்பின் ஆட்டம் 0.05 முதல் 0.18 மி.மீ., கடைசி வரம்பு 0.3. டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். 0.25-ஐத் தொட்டுவிட்ட இன்ஜினில் 8,000 நியூட்டன் கிளட்ச் போடுவது, பேரிங்கை மாற்றாமல், கூடாது. சிக்னலில் நிற்கும்போது பெடலை மிதித்தபடியே இருக்கும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

எல்28இடி பலவும் ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து கழற்றியவை. அவற்றில் இரண்டு பொறிகள் உண்டு. கிராங்க்கின் பின்முனையில் ஆட்டோமேட்டிக்குக்கான வளையம் இருக்கும், அதை எடுத்துவிட்டு மேனுவலுக்குரிய பைலட் புஷ்ஷை (கியர்பாக்ஸ் தண்டின் நுனியைத் தாங்கும் சிறு வளையம்) இறக்க வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸ் கடைசி ஓர் அங்குலத்தில் உட்காராது. போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைத்தால் ஏதோ ஒன்று உடையும். அடுத்து, ஆட்டோமேட்டிக்கில் ஃப்ளைவீல் இடத்தில் இருக்கும் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட்டின் போல்ட்டுகள் குட்டையானவை, ஃப்ளைவீலுக்குப் போதாது. தேய்ந்த பைலட் புஷ்ஷை எடுக்க, துளை நிறைய கிரீஸை அடைத்து, துளைக்குள் இறுக்கமாகப் போகும் கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தால் பின்னாலிருந்து அதுவே வெளியே வரும்.

கிராங்க்கின் பின் சீலையும் கியர்பாக்ஸ் முன் சீலையும் இப்போதே மாற்றுங்கள். ஒரு சொட்டு ஆயில் புது லைனிங்கைக் கெடுக்கப் போதும். ஃப்ளைவீல் முகத்தை கிரைண்டரில் தேய்க்கச் சொல்லுங்கள். லேத் கடைசல் விடும் சுருள் கோடுகளில் பிளேட் உதறும். பிளேட்டை மாட்டும்போது ஸ்பிரிங் துருத்தியிருக்கும் பக்கம் கியர்பாக்ஸை நோக்கி இருக்க வேண்டும், திருப்பிப் போட்டால் ஹப் ஃப்ளைவீல் போல்ட்டில் உரசும். ஃப்ளைவீல் போல்ட்டுகளுக்குச் சுமார் 140 நி.மீ., பிரஷர் பிளேட் போல்ட்டுகளுக்கு 16 முதல் 22 நி.மீ. பிரஷர் பிளேட் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்குங்கள். ஒரு பக்கமாக இறுக்கினால் மூடி வளைந்துவிடும். ஸ்ப்ளைனில் (பிளேட் ஏறும் கியர்பாக்ஸ் தண்டின் பற்களில்) கிரீஸைத் துடைத்தெடுத்தது போல் மெல்லப் பூசினால் போதும். கியர்பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை ஒரு நிமிடம்கூடப் பிளேட்டில் தொங்கக் கூடாது. விளிம்பில் 0.5 மி.மீ.க்கு மேல் வளைந்த பிளேட் முழுதாக விடுபடாது.

ஃபோர்க் முனையில் சுமார் 2 மி.மீ. தளர்வு வைத்து ஸ்லேவ் தண்டைச் சரிசெய்யுங்கள். ஆர்கானிக் லைனிங்குக்கு முதல் 800 கி.மீ. நகரத்துக்குள் நின்று கிளம்பும் ஓட்டம் வேண்டும், நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் கணக்கில் சேராது. அதுவரை முழுப் பூஸ்ட் வேண்டாம். பிறகு நாலாம் கியரில் 2,500 சுற்றிலிருந்து ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். பூஸ்ட் ஏறும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் தாவினால் வழுக்குகிறது என்று அர்த்தம். முதல் கியரில் இந்தச் சோதனை எதையும் காட்டாது. அதே சமயம் ஃபோர்க் தளர்வையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். லைனிங் தேயத் தேய டயஃப்ரம் விரல்கள் பேரிங் பக்கம் வரும், வைத்த 2 மி.மீ. குறைந்திருக்கும்.