மூச்சு தயார், கால் தயாரா? நெடுநடைக்குப் பழகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் தினமும் ஆறு சுற்று போகிறவர்களில் பாதிப் பேருக்கு ஓர் ஆசை உண்டு: ஒரு நாள் ஏற்காடு அடிவாரத்தில் தொடங்கி மேலே வரை நடந்தே போய்விட வேண்டும். போகலாம். ஆனால் ஆறு சுற்று என்பது 2.4 கிலோமீட்டர், அதுவும் சமதரை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். இருபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் ஏறியாக வேண்டும். இதற்கு உடம்பைப் பழக்க மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

மூன்று மாதம் எதற்கு என்றால், உடம்பு எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் பழகாது. இரண்டு மூன்று வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறைந்துவிடும். தசை அதற்குப் பிறகு பலப்படும். குதிகால் நாண் (கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைப்பது), பாதத்தின் அடிச்சவ்வு, எலும்பு இவையெல்லாம் மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். மூன்றாவது வாரம் "இப்போது மூச்சே வாங்கவில்லையே" என்று தூரத்தை இரட்டிப்பாக்குவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஐந்தாவது வாரம் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி குத்துவதுபோல் வலித்தால், அந்த இரட்டிப்புக்கான பில் வந்துவிட்டது என்று பொருள்.

வாரத்தில் நான்கு நாள் நடந்தால் போதும். மூன்று நாள் 3 முதல் 5 கிலோமீட்டர், ஒரு நாள் மட்டும் நீண்ட நடை. ஏற்கெனவே 3 கிலோமீட்டர் சிரமமில்லாமல் நடப்பவருக்கு நீண்ட நடை வாரவாரியாக இப்படி வரலாம்: 5, 6, 7, பிறகு இறக்கி 5, 8, 9, 10, மறுபடி 7, 11, 13, 15, கடைசியாக 8. நான்காவது வாரம் குறைப்பது சோம்பல் அல்ல, நாணும் எலும்பும் தேறிக்கொள்ள விடும் இடைவெளி. பயிற்சியில் 15 தொட்டவர் மலையேறும் அன்றைக்கு 20 நடந்துவிடுவார். முந்தைய வாரமே முழுத் தூரத்தையும் ஒரு முறை பார்த்துவிடலாம் என்று கிளம்பினால் அசதியைத்தான் அடிவாரத்துக்குச் சுமந்துகொண்டு வருவீர்கள். வேகத்துக்கு ஒரே அளவுகோல்: பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும்.

இறக்கத்தைக் கணக்கில் எடுக்காத தவறு இதைவிடப் பெரியது. ஏறும்போது மூச்சுதான் வாங்கும்; காலைப் பதம் பார்ப்பது இறக்கம். கீழே வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. பழக்கமில்லாத தசையில் நுண்ணிய கிழிசல்கள் விழும். வலி அன்றைக்குத் தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவீர்கள்.

மருந்து எளிது: இறக்கத்தில் பழகுவது. அம்மாபேட்டை குமரகிரி முருகன் கோயில் படிகளில் வாரம் ஒரு முறை ஏறி, அவசரமில்லாமல் இறங்குங்கள். தடதடவென்று இறங்காமல், ஒவ்வொரு படிக்கும் முழங்காலை லேசாக மடக்கி, சத்தமில்லாமல் காலை வையுங்கள். வீட்டில் என்றால் படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, இரண்டு காலால் எழும்பி, ஒற்றைக் காலில் மெல்லக் குதிகாலைக் கீழே விடுங்கள். காலுக்குப் பதினைந்து முறை, ஒரு நாள் விட்டு ஒரு நாள். குதிகால் நாணுக்கு இதைவிட மலிவான காப்பீடு கிடையாது. முதல் மலைநடைக்கு ஏறிவிட்டு பஸ்ஸில் இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

10 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 7,000 முறை தரையைத் தொடும். உரசும் ஷூ அத்தனை முறையும் அதே இடத்தில்தான் உரசும். காலையில் கடைக்குப் போய் வாங்குவது தவறு. மாலைக்குள் பாதம் சற்று வீங்கும், அப்போது போட்டுப் பாருங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறக்கத்தில் நகம் முட்டி முட்டிக் கறுத்துவிடும். ஷூவில் மேலே கடைசியாகத் தனியாக இருக்கும் துளை அழகுக்கு இல்லை. லேஸை அதே பக்கத்திலேயே அதில் விட்டு ஒரு வளையம் வைத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் நுழைத்து இறுக்கினால் குதிகால் அசையாது, விரல் முன்னே சரியாது. புது ஷூவோடு மலையேறக் கூடாது. குறைந்தது 50 கிலோமீட்டர் அதில் நடந்திருக்க வேண்டும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு தோலை ஊறவைக்கும், ஊறிய தோல்தான் கொப்புளிக்கும். சீக்கிரம் காயும் விளையாட்டு சாக்ஸ் போடுங்கள். ஓரிடம் சுடுவதுபோல் தெரிந்ததும், "அடுத்த வளைவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாமல், அங்கேயே உட்கார்ந்து துடைத்து, மருந்துக்கடை பேப்பர் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நகத்தை மூன்று நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள். தொடை உரசுபவர்கள் கிளம்பும் முன் வாஸ்லின் தடவிக்கொள்ளலாம்.

தைப்பூசத்துக்கு எடப்பாடிப் பக்கத்திலிருந்து பழனிக்கு நடப்பவர்களைப்போல் வெறுங்காலோடு போவதென்றால் பாதத்தோலையும் பழக்க வேண்டும். வாரம் இரண்டு நாள், விடிகாலையில், அரை கிலோமீட்டரில் ஆரம்பியுங்கள். சர்க்கரை நோயால் பாத உணர்வு குறைந்தவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் அளவில், மடக்கு மடக்காக. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துத் தலைசுற்றும், வாந்தி வரும். உப்புப் போட்ட நீர்மோரோ ஓஆர்எஸ்ஸோ இடையில் வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், கால் பொட்டலம், அரை பொட்டலம் என்று போடக் கூடாது. வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லி, கையில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. பை வெளியே தெரிய வேண்டாம், மலைப்பாதைக் குரங்குகளுக்கு அதன் விலாசம் தெரியும். சேலத்துத் தட்டுவடை செட்டை ஊர் திரும்பியதும் வைத்துக்கொள்ளலாம்.

வலி வராமலிருக்க முன்கூட்டியே வலிமாத்திரை போட்டுக்கொண்டு நடப்பவர்கள் உண்டு. நீர் வற்றிய உடம்பில் இப்யூபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். எச்சரிக்கும் வலியையும் மறைத்துவிடும். தொடை, கெண்டைக்கால் முழுக்கப் பரவலாக வலித்தால் அது தசை அசதி, இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஒரு விரலால் தொட்டுக் காட்டும்படி எலும்பின் மேல் ஒரே புள்ளியில் வலித்து, நடக்க நடக்கக் கூடினால் நடையை அன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சு இறுகினாலும் அப்படியே, அதற்கு மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது.