டிராகன் கேவ்: முதல் முட்டையிலிருந்து முதல் மாற்று வரை

டிராகன் கேவ் 2006-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் இலவச இணைய விளையாட்டு. குகையில் கிடக்கும் முட்டையை எடுத்து வந்து, குஞ்சு பொரிக்க வைத்து, முழு வளர்ச்சி பெற்ற டிராகனாக்கிச் சேர்ப்பதுதான் இதில் முக்கிய வேலை. உலாவி ஒன்றே போதும் என்பதால், மன்னார்குடிப் பக்கம் ஐப்பசி மழையில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கிவிடும் நாளிலும் கைபேசியிலேயே இதை விளையாட முடிகிறது.

முதலில் கணக்குத் தொடங்குங்கள். நீங்கள் சேர்ப்பவை அனைத்தும் ஸ்க்ரோல் என்னும் உங்கள் பக்கத்தில் இருக்கும். பிறகு குகைக்குச் செல்லுங்கள். கடற்கரை, பாலைவனம், காடு, அடர்வனம், மலை, எரிமலை என அங்கே ஆறு நிலப்பகுதிகள் உண்டு; ஒவ்வொன்றிலும் ஒரு நேரத்தில் மூன்று முட்டைகள் காட்டப்படும். எந்த இனம் என்று பெயர் இருக்காது, முட்டையின் ஓடு எப்படி இருக்கிறது என்ற ஒரு வரி வருணனை மட்டுமே இருக்கும். பழகியவர்கள் அந்த வரியைக் கண்டதுமே இனத்தை அறிந்து, நாம் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுவார்கள். முதல் வாரத்தில் அரிய இனத்துக்காகக் காத்திருக்காமல் கிடைத்ததை எடுங்கள். ஒரே நேரத்தில் சில முட்டைகளை மட்டுமே வைத்திருக்க முடியும். வளர்ந்த டிராகன்கள் பெருகி கோப்பை கிடைக்கும்போதுதான் இந்த வரம்பு உயரும்.

அடுத்தது அடைகாத்தல். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். முட்டைக்கு 7 நாள் ஆயுள். அதற்குள் அதைப் பலர் பார்க்க வேண்டும். மொத்தப் பார்வைகள், தனித்தனி ஆட்களின் பார்வைகள், சொடுக்குகள் என மூன்று கணக்குகளை அதன் பக்கத்தில் காணலாம். போதிய பார்வை கிடைக்காவிட்டால் முட்டை இறந்துவிடும் என்பது எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. குறுகிய நேரத்தில் அளவுக்கு மீறிப் பார்வைகள் குவிந்தாலும் அது நோயுற்று இறந்துவிடும் என்பதுதான் பலருக்கும் பட்டபின் தெரிகிறது. என் முதல் முட்டையை, எடுத்த ஒரு மணி நேரத்திலேயே நான்கு பொரிப்புத் தளங்களில் (முட்டைகளைப் பலர் பார்க்கும்படி பட்டியலிடும் இணையதளங்களில்) சேர்த்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போனேன்; காலையில் அதன் ஓடு மென்மையாகியிருந்தது, மாலைக்குள் அது இல்லை. மீதி நேரம் 4 நாளுக்குக் கீழே இறங்கும் வரை எத்தனை பேர் பார்த்தாலும் முட்டை பொரிக்காது. எனவே முதல் மூன்று நாட்கள் நண்பர்களின் பார்வையோடு விட்டுவிட்டு, அதன் பின்னர் ஒரே ஒரு பொரிப்புத் தளத்தில் சேர்ப்பது போதுமானது. நோயின் அறிகுறி தெரிந்தால் மூடுபனி என்னும் வசதியால் முட்டையை மறைத்துவிடுங்கள். அப்போது புதிய பார்வைகள் சேராது, ஆனால் ஆயுள் தொடர்ந்து குறைந்துகொண்டுதான் இருக்கும்.

குஞ்சுக்கும் 7 நாள் கணக்கு புதிதாகத் தொடங்கும். அதன் உருவத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். நம் உம்பளச்சேரிக் கன்று செம்பழுப்பாகப் பிறந்து சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதைப் போல, இங்கும் குஞ்சுக்கும் வளர்ந்த டிராகனுக்கும் பெரும்பாலும் ஒற்றுமை இருக்காது.

வளர்ந்த ஆணையும் பெண்ணையும் வாரத்துக்கு ஒருமுறை இணை சேர்க்கலாம். ஒவ்வொரு முறையும் முட்டை கிடைக்கும் என்பதில்லை. கிடைக்கும் முட்டைக்குப் பெற்றோர் யார், அவர்களின் பெற்றோர் யார் என்ற வம்சாவளி எல்லோருக்கும் தெரியும்படி பதிவாகும். உறவுக்குள்ளேயே இணைத்தவற்றைச் சேகரிப்பாளர்கள் விரும்புவதில்லை. பெற்றோரே இல்லாத குகைமுட்டைக்கு நல்ல மதிப்பு உண்டு, ஏனெனில் அதிலிருந்து புது வம்சத்தைத் தொடங்கலாம். ஆகவே சாதாரண இனக் குகைமுட்டையையும் அலட்சியமாகக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி மாற்று, அதாவது பிற ஆட்டக்காரர்களுடன் பரிமாறிக்கொள்வது. மேகி என்னும் இனத்தில் வளர்ந்த டிராகன் ஒன்றை வைத்திருங்கள். டெலிபோர்ட், அதாவது உங்களிடம் உள்ளதைப் பிறருக்கு அனுப்பும் ஆற்றல், அதற்குத்தான் உண்டு. முட்டையையும் குஞ்சையும் மட்டுமே மாற்ற முடியும், வளர்ந்ததை மாற்ற இயலாது. டெலிபோர்ட் செய்யும்போது அன்பளிப்பா, மாற்றா என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். மாற்று என்றால் பிறர் தங்களிடம் உள்ளதை முன்வைப்பார்கள். நீங்கள் ஏற்றால்தான் இரண்டும் ஒரே கணத்தில் கைமாறும். "நீங்கள் முதலில் அன்பளிப்பாக அனுப்புங்கள், நான் அடுத்த வாரம் தருகிறேன்" என்று கேட்பவர்களுக்கு, பழகாத வரையில், இணங்க வேண்டாம். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதைநெல் பெறுபவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரும் வழக்கம் நிலைப்பதற்கு, வாங்கியவரின் ஊரும் வயலும் தெரிந்திருப்பது ஒரு காரணம் என்பது என் எண்ணம். இங்கே நமக்குத் தெரிவது ஒரு புனைபெயர் மட்டுமே. பணம் தருவதாகச் சொல்பவர்களிடமிருந்தும் விலகிவிடுங்கள்.

முன்வைக்கப்பட்டதை ஏற்கும் முன் அதன் பக்கத்தைத் திறந்து, வம்சாவளியோடு மீதி நேரத்தையும் பார்வைக் கணக்கையும் பாருங்கள். ஒரு நாளே மீதமிருந்தும் ஓட்டில் கீறல் விழாத முட்டை என்றால், எவ்வளவு அரியதாக இருந்தாலும் நான் ஏற்பதில்லை.