விமர்சனத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் கேம் உருவாக்குபவர் செய்ய வேண்டியவை

நாகர்கோவிலில் வீட்டு மாடியறையில் ஒருவரோ இருவரோ உட்கார்ந்து உருவாக்கிய கேம், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் வெளியாவதற்கு முந்தைய வாரங்களில், விமர்சகர்கள் என்ன எழுதுவார்களோ என்று கையைப் பிசைந்துகொண்டிருக்க உண்மையில் நேரம் இருக்காது.

முதல் வேலை, கேமைத் திறந்து விளையாட உதவும் குறியீடான கீயை விமர்சகர்களுக்கு அனுப்புவது. விளையாடி முடித்து எழுத அவகாசம் வேண்டும் என்பதால், வெளியீட்டுக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். கீ கேட்டு வரும் மின்னஞ்சல்களில் பிரபல யூடியூபர்களின் பெயரில் எழுதும் போலிகளும் உண்டு. வாங்கிய கீயை வேறு தளங்களில் விற்பதே அவர்கள் நோக்கம். அந்தச் சேனலின் அறிமுகப் பகுதியில் உள்ள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, அந்த முகவரிக்கு மட்டுமே கீயை அனுப்ப வேண்டும். ஸ்டீமில் கேம்களைப் பரிந்துரைக்கும் கியூரேட்டர்களுக்குக் கீயே தேவையில்லை. ஸ்டீமின் கியூரேட்டர் கனெக்ட் வசதி வழியாக 100 பேர் வரை நேரடியாகப் பிரதி அனுப்பலாம்.

விமர்சனங்களை வெளியிடலாம் என்று நீங்கள் குறிக்கும் எம்பார்கோ நேரத்தை எந்த நாட்டு நேரம் என்பதோடு சேர்த்து எழுதுங்கள். அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணி என்றால் நமக்குக் கோடையில் இரவு 10.30, குளிர்காலத்தில் 11.30. இரு பருவமழையும் பெய்கிற நம் மாவட்டத்தில் அந்த நேரத்தில் கரண்ட் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. என் முதல் கேம் வெளியான இரவு, தென்னை மட்டை விழுந்து இணையக் கேபிள் அறுந்தது. இன்வெர்ட்டர் ஓடியும் பயனில்லாமல் போனது. எனவே வெளியிடத் தயாரான கேம் கோப்புகளை, அதாவது பில்டை, இரண்டு நாள் முன்பே ஏற்றிவிடுங்கள். விமர்சகர்கள் விளையாடிக்கொண்டிருக்கும்போது அவசரத் திருத்தம் எதையும் எல்லோருக்கும் போய்ச்சேரும் பொதுக் கிளையில் ஏற்றாதீர்கள். அவர்கள் விளையாடிச் சேமித்து வைத்த சேவ் கெட்டுப்போனால் அதுவே விமர்சனமாகிவிடும்.

எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டிக் காட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் மதிப்பெண் தோன்ற நான்கு விமர்சனங்களாவது வேண்டும். சிறு கேம்கள் பலவற்றுக்கு அது வாய்ப்பதில்லை, அதனால் குடிமுழுகிப் போவதுமில்லை. ஸ்டீமில் 10 பயனர் விமர்சனங்கள் சேர்ந்த பிறகே ‘பெரும்பாலும் நேர்மறை’ என்பது போன்ற மதிப்பீட்டு வார்த்தை தோன்றும். கீ வழியாகப் பெற்றவர்கள் எழுதுவது அந்தக் கணக்கில் சேராது. ஆகவே உறவினர்களுக்குக் கீ கொடுத்து எழுதச் சொல்வது முறையற்றது மட்டுமல்ல, வீண் வேலையும்கூட.

விமர்சனங்கள் வந்தபின் எப்படிப் படிப்பது என்பதுதான் கடினமான பகுதி. பாராட்டையும் வசவையும் ஒதுக்கிவிட்டு, கேமில் உள்ள ஒரு குறிப்பிட்ட இடத்தைச் சுட்டும் வாக்கியங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். குளச்சல் கரையில் படகைக் கட்டும் காட்சி ஒன்று என் கேமில் இருந்தது. கடலின் ஓசையைப் புகழ்ந்த ஒருவரும் கேமையே வெறுத்த இன்னொருவரும் அந்த இடத்தில்தான் தடுமாறியிருந்தார்கள். கண்ட்ரோலரைப் பிடித்திருந்தவர்களிடம் திரை கீபோர்டின் ‘ஈ’ விசையை அழுத்தச் சொல்லிக்கொண்டிருந்தது! கீபோர்டில் மட்டுமே சோதித்த எனக்கு அது ஒருமுறைகூடக் கண்ணில் படவில்லை.

இத்தகைய பிழையை அன்றே சரிசெய்து, புதுப்பிப்புக் குறிப்பில் எழுதுங்கள். சுட்டிக்காட்டிய விமர்சகருக்கு, சரிசெய்துவிட்டோம் என்று நன்றியோடு ஒரே வரி அனுப்பினால் போதும். மதிப்பெண்ணை மாற்றும்படி அதில் கேட்காதீர்கள்.