120 கிரெடிட் முடித்தும் பட்டம் வராதது ஏன்? அமெரிக்கப் பல்கலைக்கழக கேட்டலாக்கைப் படிக்கும் முறை

இளநிலைப் பட்டத்துக்கு 120 செமஸ்டர் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் அலகு) என்பது அமெரிக்காவில் படிக்கப் போகிற எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் எண். ஆனால் 124, 130 என்று சேர்த்து வைத்துக்கொண்டு கடைசி செமஸ்டரில் திகைத்து நிற்கிறவர்களும் உண்டு. 120 என்பது மொத்தம் மட்டும்தான். அதற்குள் பொதுக்கல்வி (எல்லா மாணவரும் படிக்க வேண்டிய அடிப்படைப் பாடங்கள்), மேஜர் (முதன்மைப் பாடத்துறை), மேல்நிலைப் பாடங்கள் (பிந்தைய ஆண்டுகளுக்கானவை), அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தாக வேண்டிய பங்கு என்று நான்கு தனிக் கணக்குகள் ஓடுகின்றன. நான்கும் தனித்தனியே நேராக வேண்டும். ஒன்றில் மிஞ்சியதை வைத்து இன்னொன்றின் பள்ளத்தை நிரப்ப முடியாது.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் கேட்டலாக் ஆண்டு. பட்ட விதிகளையும் பாடங்களையும் பட்டியலிடும் கேட்டலாக் ஒன்றைப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் வெளியிடும். பொதுவாக நீங்கள் சேர்ந்த ஆண்டின் கேட்டலாக்தான் உங்களைக் கட்டுப்படுத்தும். அடுத்த ஆண்டு விதி கடுமையானாலும் உங்களைத் தொடாது. விரும்பினால் புதிய கேட்டலாக்குக்கு மாறலாம். ஆனால் பல இடங்களில் முழுதாகத்தான் மாற வேண்டும். பொதுக்கல்விக்குப் பழையது, மேஜருக்குப் புதியது என்று பொறுக்கி எடுக்க விடமாட்டார்கள். இடையில் படிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினாலோ, சில இடங்களில் மேஜரை மாற்றினாலோ, புதிய ஆண்டுக்குத் தள்ளப்படலாம். உங்கள் ஆண்டின் கேட்டலாக்கைப் பிடிஎஃப் ஆக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். துறையின் இணையப் பக்கம், வண்ண வண்ணமான செமஸ்டர் அட்டவணை எல்லாம் வழிகாட்டிகள்தான். கேட்டலாக்கோடு முரண்பட்டால் கேட்டலாக் சொல்வதே செல்லும்.

இந்த விதிகளை யார் எழுதுகிறார்கள் என்று தெரிந்தால், சிக்கல் வரும்போது எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியும். மேஜர் பாடங்களைத் துறை ஆசிரியர்கள் முன்மொழிவார்கள். அது கல்லூரியின் பாடத்திட்டக் குழு, பல்கலைக்கழக ஆசிரியர் பேரவை, புரோவோஸ்ட் (கல்விப் பணிகளின் தலைமை அதிகாரி) அலுவலகம் என்று படியேறும். பொதுக்கல்வி அப்படியல்ல, அதில் மாநிலமும் தரச்சான்று அமைப்பும் கை வைக்கின்றன. தெற்கு மாநிலங்களின் தரச்சான்று அமைப்பான சாக்ஸ்காக், இளநிலைப் பட்டத்தில் குறைந்தது 30 கிரெடிட் பொதுக்கல்வி இருக்க வேண்டும் என்கிறது. டெக்சஸ் மாநிலம் அதையும் தாண்டி 42 வைத்திருக்கிறது. அதனால் மேஜர் பாடத்துக்கு மாற்று கேட்டால் துறைத் தலைவரே முடித்துவிடக்கூடும். மாநிலச் சட்டத்தில் இருக்கும் அமெரிக்க வரலாற்றை விட்டுத்தரும் அதிகாரம் அவருக்குக் கிடையாது.

அந்த 42-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். தகவல் தொடர்பு 6, கணிதம் 3, அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, படைப்புக் கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசாங்கம் 6, சமூக அறிவியல் 3, பல்கலைக்கழகம் தானே தீர்மானிக்கும் பகுதி 6. இதில் கணிதத்துக்கு 3 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, பொறியியல் மேஜர் எடுக்கப்போகும் மாணவர் காலேஜ் ஆல்ஜீப்ராவில் சேர்ந்தால் பொதுக்கல்விக் கட்டம் நிரம்பும், மேஜருக்கு ஒரு பயனும் இராது. கால்குலஸ் எடுத்தால் ஒரே பாடம் இரண்டு கட்டத்தையும் நிரப்பும். பொதுக்கல்விப் பாடத்தை மேஜர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: ஒரு பாடம் இரண்டு தேவைகளை நிரப்பினாலும் மொத்தத்தில் அதன் கிரெடிட் ஒரு முறைதான் சேரும். மிச்சப்பட்ட இடத்தை விருப்பப் பாடங்களால் நிரப்ப வேண்டும்.

பாட எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. டெக்சஸின் பொது எண்முறையில் கால்குலஸ் 1 என்பது மேத் 2413. முதல் இலக்கம் 2, இரண்டாம் ஆண்டு நிலை; அடுத்த இலக்கம் 4, கிரெடிட். ஆனால் எல்லாப் பல்கலைக்கழகமும் இந்த முறையில் இல்லை. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் முதல் இலக்கமே கிரெடிட். கடைசி இரண்டு இலக்கம் 01 முதல் 19 வரை என்றால் கீழ்நிலை, 20 முதல் 79 வரை என்றால் மேல்நிலை. இரண்டாண்டுக் கம்யூனிட்டி காலேஜில் கிடைப்பவை பெரும்பாலும் கீழ்நிலைப் பாடங்கள். எனவே அங்கே மலிவாக எத்தனை சேர்த்தாலும் மேல்நிலைக் கணக்கு அப்படியே நிற்கும்.

ரெசிடென்சி என்ற சொல்லிலும் பலர் ஏமாறுகிறார்கள். மாநிலவாசிக்கான கட்டணச் சலுகைக்கும் இதே சொல்தான். பட்ட விதியில் வரும்போது அதன் பொருள் வேறு: பட்டம் தரும் பல்கலைக்கழகத்திலேயே படித்த கிரெடிட். சாக்ஸ்காக் விதிப்படி இது குறைந்தது 25 விழுக்காடு, அதாவது 120-க்கு 30.

செமஸ்டருக்குப் பதிலாகக் குவார்ட்டர் என்ற குறுகிய பருவங்களில் பாடம் நடத்தும் பல்கலைக்கழகத்திலிருந்து மாறி வருகிறவர்கள் குவார்ட்டர் கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு குவார்ட்டர் கிரெடிட், செமஸ்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 4 குவார்ட்டர் கிரெடிட் பாடம் இங்கே 2.67 ஆகிறது. பாடத்தை ஏற்றுக்கொள்வார்கள், கட்டமும் நிரம்பும். ஆனால் இங்கே வழக்கமான 3 கிரெடிட் பாடத்தோடு ஒப்பிட்டால் ஒவ்வொன்றிலும் 0.33 ஒழுகும். பத்துப் பாடம் கொண்டுவந்தால் ஏறக்குறைய 3 கிரெடிட் காணாமல் போயிருக்கும். பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைத் தேர்வான ஏபி மதிப்பெண்ணுக்கும் இப்படி ஒரு பொறி உண்டு. கிரெடிட் தருவார்கள், அது எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. வெறும் விருப்பப் பாடமாக விழுந்தால் 120-க்கு உதவும், வேறெதற்கும் உதவாது.

செமஸ்டருக்கு எத்தனை? எட்டு செமஸ்டரில் முடிக்க 15 வீதம் வேண்டும். எஃப்-1 விசா மாணவருக்கு முழுநேரம் என்பது 12. ஒவ்வொரு முறையும் அந்த 12-ஓடு நின்றால் நான்காண்டில் 96தான், 24 பாக்கி. அந்த 12-இல் ஆன்லைன் வகுப்பு ஒன்றுதான், அதாவது 3 கிரெடிட்தான் கணக்கில் சேரும். அதற்காக 18 என்று பாய்வதும் சரியல்ல. ஒரு கிரெடிட்டுக்கு வாரம் வகுப்பில் ஒரு மணி, வெளியே இரண்டு மணி என்பது விதியின் கணக்கு; 18 என்றால் வாரம் 54 மணி நேரம்.

ஒவ்வொரு செமஸ்டரும் பதிவு செய்யும் முன், எந்தத் தேவை நிறைந்தது, எது பாக்கி என்று காட்டும் கணினி அறிக்கையான டிகிரி ஆடிட்டை ஓட்டுங்கள். மேலே தெரியும் விழுக்காட்டைப் பார்த்து மகிழ வேண்டாம். கடைசிக்குப் போய், எந்தத் தேவையிலும் பொருந்தாத பாடங்களின் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் மேஜருக்கு என்று எடுத்த பாடம் அங்கே கிடந்தால் ஏதோ தவறு. மேஜருக்கு சி வேண்டிய இடத்தில் சி மைனஸ் வாங்கியிருக்கலாம், கிரேடு இல்லாமல் தேர்ச்சி மட்டும் பதியும் பாஸ்-ஃபெயில் முறையில் எடுத்திருக்கலாம். மேஜர் மாற்றும் எண்ணம் இருந்தால் அதிலேயே வாட்-இஃப் என்று ஒரு வசதி இருக்கும். மாற்றும் முன்பே பாக்கி எவ்வளவு என்று காட்டிவிடும்.

பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் அட்வைசர் "பரவாயில்லை, அதை ஏற்றுக்கொள்வோம்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பி இருக்கக் கூடாது. அட்வைசர் மாறுவார், ஆடிட் மாறாது. மாற்று அனுமதியை மனுவாகக் கொடுத்து, அது ஆடிட்டில் பதிவானதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் விடுங்கள். எல்லாக் கட்டமும் நிரம்பிய பிறகும் பட்டம் தானாக வீடு தேடி வராது. பட்டமளிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கடைசித் தேதி சில இடங்களில் முந்தைய செமஸ்டரிலேயே முடிந்துவிடும்.